மாமியாருக்கு ஊறவைத்த சோறு

கோவில்பட்டி
11.06.2025

தம்பி ஹாரூனுக்கு,

சலாம் எழுதாமல் தொடங்குகிறேன். மறந்து போய் அல்ல.

நேற்று உன் பெண்டாட்டி பதருன்னிசா வந்திருந்தாள். "மைனி, ஒரு தடவை அவியகிட்ட பேசுங்க. மணியாச்சிக்கு மாத்திப் போட்டதிலேருந்து சரியாச் சாப்பிடவே மாட்டேங்கிறாவ" என்று அழுதாள். பேச முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு எங்கள் முற்றத்தில் நின்று நீ போட்ட சத்தம் காதில் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பின்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த புத்னியையும் அவள் புருஷன் சுக்ராவையும் உனக்கு அந்த ஒரு பொழுதுதான் தெரியும். எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். ஜார்க்கண்டில் ஏதோ மலைப்பக்கத்து ஊர். அவன் நூல் மில்லில் வேலை. அவள் கடலைமிட்டாய்க்குப் பாக்கெட் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் பக்கம் பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்களாம். அவள் புதன்கிழமைக்காரி, அவன் வெள்ளிக்கிழமைக்காரன். வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்றதும் எனக்கு அந்தப் பிள்ளை மேல் ஒரு பிரியம்.

மே இருபத்துநாலு, சனிக்கிழமை, புத்னி வந்து பாய் இருக்கிறதா என்று கேட்டாள். பழைய கோரைப்பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அரிசியைக் குழையவிடாமல் பருக்கை பருக்கையாக வடித்து அந்தப் பாயில் பரப்பினாள். அட்டையால் வீசி வீசி ஆற்றினாள். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடெல்லாம் போய், நம் உடம்புச் சூடு மட்டும் நிற்கிற பதத்தில், சேலை முடிச்சிலிருந்து நாலைந்து வெள்ளை உருண்டைகளை எடுத்தாள். சீடை அளவு இருக்கும். காட்டு வேரையும் அரிசி மாவையும் இடித்து உருட்டிக் காயவைத்ததாம். அதற்கு ராணு என்று பெயர் சொன்னாள். அதைப் பொடித்துத் தூவி, இரண்டு கையாலும் பிசறி, மண்பானையில் போட்டு, வாழையிலையை மூடித் துணியால் கட்டி இருட்டு மூலையில் வைத்தாள். ஏதோ வற்றல் போடப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வாசம் வந்தது. இனிப்பும் புளிப்புமாக, பழம் அழுகுகிற மாதிரி. நான் தொழுகிற அறைக்கும் அவர்கள் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதைப் பற்றிப் போனில் உன்னிடம் ஏதோ சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு ஜீப்பில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாயா? சுக்ரா ஷிப்டு முடிந்து வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். "ஏலே, நில்லுலே! ஓடுனா காலை ஒடிச்சிருவேன்!" என்றாய். அவனுக்கு உன் தமிழ் எங்கே விளங்கும்? காக்கிச்சட்டைதான் விளங்கியது. பின்னால் கரிசல் காட்டுக்குள் ஓடினான். அங்கே கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருப்பது அவனுக்குத் தெரியாது. அதில் தண்ணீரும் இல்லை, பாறைதான்.

பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார்கள். கஞ்சித் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஓடியது. அவ்வளவுதானே இருந்தது? பேப்பரில் நாற்பது லிட்டர் சாராயம், இரண்டு கேன், வடமாநிலக் கும்பல் என்று போட்டிருக்கிறார்கள். புத்னி ஜெயிலுக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. சுக்ரா செத்ததைப் பற்றி ஆர்.டி.ஓ. விசாரணை வரும் என்கிறார்கள். நீ போய் நடந்ததை நடந்தபடி சொல். அதைச் செய்யாமல் என் வாசலுக்கு வராதே.

பௌசியா


மணியாச்சி
16.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. போனில் பேசினால் பதிவு இருக்கும் என்று பயப்படுகிறவன், கைப்பட எழுதி அனுப்புகிறேன். என் புத்தி இப்போது அந்த லட்சணத்தில் இருக்கிறது.

போனில் "ஏதோ" சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "ஏலே ஹாரூன், வியாழக்கிழமை அப்சானாவைப் பொண்ணு பாக்க சங்கரன்கோவில்லேருந்து ஆள் வருதாவ. வீடு முழுக்கச் சாராய நாத்தம். நீ ஒரு தடவை யூனிபார்மோட வந்து அந்தப் பயலை மிரட்டிட்டுப் போ. பானையைத் தூக்கி எறிஞ்சிருவான்." இதுதான் நீ சொன்னது. நான் தனியாக வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். என் தப்பு அங்கேதான் தொடங்கியது. மாதக் கடைசி, ஸ்டேஷனில் மதுவிலக்கு கேஸ் கணக்குக் குறைகிறது என்று இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தார். நல்ல பேர் வாங்கிக்கொள்ளலாம் என்று நானாகவே போய், "ஐயா, ஒரு தகவல் இருக்கு" என்றேன். வேறு யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை.

கிணற்றில் கயிறு கட்டி முதலில் இறங்கினவன் நான்தான். அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது. தலையை என் மடியில் தூக்கி வைத்தேன். "ஐயோ, ஐயோ" என்று இரண்டு தடவை சொன்னான். அடிபட்டவர்கள் எல்லோரும் சொல்வதுதானே? ஆனாலும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் அந்தச் சத்தம்தான் வருகிறது.

ஆள் செத்துப் போனபின் அரைப்பானைச் சோற்றுத் தண்ணீரைக் காட்டினால் எல்லார் வேலையும் போகும் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு கேனும் ஸ்டேஷனிலிருந்து வந்தவை. ஜீப்பிலிருந்து ஒன்றை இறக்கி வைத்தவன் நான். அந்தப் பறிமுதல் மகஜரில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்குக் கீழே வீட்டின் சொந்தக்காரி என்று உன் கையெழுத்தும் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் அது உன்னையும் இழுக்கும், அக்கா. மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்லியிருக்கிற நேரம்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். யோசித்து எழுது.

உன் தம்பி
ஹாரூன்


கோவில்பட்டி
27.06.2025

தம்பி ஹாரூனுக்கு,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். சொல்வதாக இருந்தால் நீயாகச் சொல்ல வேண்டும்.

அந்த மகஜரில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்று நீயும் சொல்ல மாட்டாய், நானும் சொல்ல மாட்டேன். சீக்கிரம் எல்லோரும் போனால் போதும் என்று இருந்தது. போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மனுக் கொடுத்து ஜெயிலில் புத்னியைப் பார்த்தேன். அப்சானாவிடம் கழுகுமலைக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாலு வாரத்தில் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். சுக்ராவின் அம்மா ஊரில் இறந்து போயிருக்கிறாள். போன் வந்தது மே மாத நடுவில். மில்லில் லீவு கேட்டிருக்கிறான், ஆர்டர் நேரம் என்று தரவில்லை. எடுத்து அடக்கம் செய்ய மகன் போகவில்லை. இருந்த இடத்திலாவது செத்தவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்றுதான் அந்தப் பானையை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஹண்டியா என்று பெயர். அவர்கள் வழக்கத்தில் அது இல்லாமல் செத்தவர்களைக் கும்பிட முடியாதாம். ஊறிய சோற்றில் தண்ணீர் விட்டுக் கலக்கி, வடிகட்டி, முதல் வார்ப்பைத் தரையில் ஊற்றி, செத்தவள் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் குடிக்கலாம். புதன்கிழமை சாயங்காலம் ஊற்றுவதாக இருந்தார்களாம். நீங்கள் வந்தது மூன்று மணிக்கு.

அவன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். "ஐயோன்னு ரெண்டு வாட்டி சொன்னானாம்."

அவள் தலையை ஆட்டினாள். "ஐயோ இல்ல அக்கா. ஆயோ. நாங்க அம்மாவ ஆயோ சொல்வோம்."

நேரம் முடிந்தது என்று காவல்காரி வந்து சொன்னாள்.

ஹாரூன், உன் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. ஆனால் அவளுக்கு இந்த ஊரில் யாருமே இல்லை. நீ சொல்லிவிடு. உனக்குப் பின்னால் நானும் சொல்கிறேன். என் மகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

பௌசியா


மணியாச்சி
02.07.2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. இன்றைக்குத்தான் பதில் எழுத முடிந்தது.

நம் உம்மா மவுத்தானபோது நான் டிரெயினிங்கில் இருந்தேன். எனக்கும் லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தேன். அடக்கம் செய்யுமுன் உம்மாவின் மையத்தைப் பார்க்காதவன் நான். அந்தப் பையனிடம் போய்க் காலை ஒடிப்பேன் என்று கத்தியிருக்கிறேன்.

பதினஞ்சாம் தேதி விசாரணை. எனக்குக் காலையில், உனக்கு மத்தியானம். இன்ஸ்பெக்டர் நேற்றுப் போன் செய்து, "ஹாரூன், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. உன் அக்காகிட்டயும் சொல்லி வை" என்றார். சரி ஐயா என்றேன்.

பதருன்னிசாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள், "சொல்லிருங்க. நீங்க இப்படி இருக்கிறதை என்னால பாக்க முடியல" என்றாள்.

நான் சொல்லப் போகிறேன். ஆனால் என் ஒருவன் பேச்சு நிற்காது. நாலு போலீஸ்காரர்கள் எனக்கு எதிராகச் சொல்வார்கள். வெளியாள் என்று சாட்சியில் இருப்பது நீ மட்டும்தான். மறந்துவிடாதே.

ஹாரூன்


மணியாச்சி
24.07.2025

அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பதினஞ்சாம் தேதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பானை ஒன்று, கேன் இரண்டும் பிறகு வந்தது, அதில் ஒன்றை இறக்கினது நான் என்பதுவரை சொன்னேன். தகவல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ரோந்து போனபோது வாசம் வந்தது, நானே கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் பொய் சொன்னேன். உன் பேரை எடுக்க மனம் வரவில்லை.

வெளியே வரும்போது வேப்பமரத்தடியில் நீ உட்கார்ந்திருந்தாய். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினெட்டாம் தேதி சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. வீட்டில் இருக்கிறேன். போலீஸ் குடியிருப்பில் பக்கத்து லைனில் இருக்கிற வீட்டுப் பெண்கள் பதருன்னிசாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

நீ என்ன சொன்னாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வரி எழுது.

ஹாரூன்


கோவில்பட்டி
05.09.2025

அன்புள்ள தம்பி ஹாரூனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆறு வாரமாக உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். பதருன்னிசா இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினாள். நான் உள்ளேயே இருந்துகொண்டு திறக்கவில்லை.

நான் சொல்லவில்லை ஹாரூன்.

அன்றைக்கு நான் சொல்லத்தான் போனேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது சங்கரன்கோவில் சம்பந்தி அம்மா போன் செய்தார். "ஏதோ சாராயக் கேஸுல உங்க வீட்டுப் பேரு அடிபடுதாமே, மெய்தானா?" என்றார். "அது பின்வீட்டுக்காரவிய விஷயம், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். போனை வைத்தபிறகும் அந்த வார்த்தைதான் வாயில் இருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். பானை எத்தனை, கேன் எத்தனை என்று கேட்டார்கள். "நான் உள்ள இருந்தேன் சார், பாக்கல" என்றேன். உங்கள் கையெழுத்துதானா என்றார்கள். "ஆமா சார்." அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீ உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய் அப்படிச் சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். வற்றல் போடுகிறாள் என்று நினைத்தேன் என எழுதினேனே, அது பொய். பாய் வாங்க வந்தபோதே புத்னி சொல்லிவிட்டாள். "மாமியார் செத்துப் போச்சு அக்கா. அதுக்கு ஊத்தணும். நாலு நாள் மட்டும். உங்க வீட்டுல இது ஆகாது, தெரியும்" என்று கையைக் கூப்பினாள். எனக்கு மனம் இளகிவிட்டது. "சரி, இந்த ஒரு தடவை" என்று நானே சொன்னேன். என் பாயை நானே எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாசம் வந்ததும் வியாழக்கிழமை வருகிறவர்கள் ஞாபகம் வந்தது. அவளைக் கூப்பிட்டு, பானையை வேறு எங்காவது வை என்று சொல்லியிருக்கலாம். கொடுத்த வார்த்தையை அவள் முகத்துக்கு நேரே மாற்ற வெட்கமாக இருந்தது. அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

அவள் வெளியே வந்துவிட்டாள். நீ சொன்னதை வைத்து இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒரு அம்மா விடாமல் அலைந்தார். போன வாரம் அவள் மேல் இருந்த வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். சாமான்களை எடுக்க வந்தாள். ஜெயிலில் தமிழ் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்கவே எனக்கு வேதனையாக இருந்தது.

சுக்ராவைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அன்றைக்குப் புதைத்தது மில் வேன் டிரைவர் லிங்கராஜும் இன்னும் இரண்டு பேரும்தான். லிங்கராஜைக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு அந்தப் பொது மயானத்தில் பத்துப் பதினைந்து மேடுகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிறது. அவன் இதுவோ, அதுவோ என்று சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "தெரியலம்மா, மன்னிச்சிரு" என்றான். அவள் நடுவில் போய்க் கொஞ்ச நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். அவர்கள் வழக்கப்படி எலும்பையாவது ஊருக்குக் கொண்டுபோய் முன்னோர் கல்லின் அடியில் சேர்க்க வேண்டுமாம். அவள் வெறுங்கையோடு போனாள்.

ஸ்டேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். ரயில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டாள்.

"அக்கா, போலீசுக்கு யாரு சொன்னா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தால் போதும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"என் தம்பி போலீசுல இருக்கான். அவன்தான்" என்றேன்.

"ஆபீசுல உண்மை சொன்ன போலீஸ் சாரா?"

"ஆமா."

அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "நீங்க ஜெயிலுக்கு வந்து பாத்தீங்க. வேற யாரும் வரல. அப்சானாவுக்கு நல்லபடியாக் கல்யாணம் நடக்கட்டும்" என்றாள். ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நான் உனக்குச் செய்ததை எழுதிவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதவில்லை, கேட்க வாய் இல்லை.

கல்யாணம் இருபத்தெட்டாம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. பத்திரிகையில் தாய்மாமன் என்று உன் பேரைப் போடுவதற்குச் சங்கரன்கோவில்காரர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். நீ கல்யாணத்துக்கு

பௌசியா


மணியாச்சி
13.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தைப் படித்துக் கோபம் வரவில்லை என்று எழுத ஆசைப்பட்டேன். வந்தது. கிளம்பி வந்து உன் வாசலில் நின்று கத்தலாம் என்றுகூட நினைத்தேன். பஸ் ஸ்டாப்வரை போய்த் திரும்பிவிட்டேன். அந்த வாசலில் ஒரு தடவை கத்தினது போதும்.

புத்னியிடம் நீ சொன்னது முழுப் பொய் இல்லை. நீ எனக்குச் சொன்னாய், நான் ஸ்டேஷனில் சொன்னேன். அவளுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. என் பேரோடு போகட்டும். ஆனால் அவள் உன் கையைப் பிடித்ததாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை.

இங்கே ஒரு கட்டட வேலையில் வாட்ச்மேனாகப் பகலில் போகிறேன். சிமெண்டுக் கலவை போடுகிறவர்களில் ஆறு பேர் ஜார்க்கண்டுக்காரர்கள். முதல் நாள் என்னை வாட்ச்மேன் காக்கிச்சட்டையில் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மறுநாளிலிருந்து வேறு சட்டை போட்டுக்கொண்டு போகிறேன். ஆனாலும் பேசுவதில்லை.

உன் கடிதத்தில் கடைசி வரியை முடிக்காமல் விட்டிருக்கிறாய். முடிக்க உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். நானே முடித்துவிடுகிறேன். நான் கல்யாணத்துக்கு வரவில்லை. பத்திரிகையில் என் பேர் வேண்டாம். பதருன்னிசாவும் பிள்ளைகளும் வருவார்கள், அவர்களை உன் பக்கத்தில் வைத்துக்கொள். தாய்மாமன் எங்கே என்று யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல்லு. கல்யாண வீட்டில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்சானாவிடம் மட்டும் நான் சலாம் சொன்னதாகச் சொல்லு.

ஹாரூன்